வலது கன்னம்

பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருந்தபடி
தயிர் இரண்டு ஸ்பூன், பன்னீர் கொஞ்சம்.
இரும்புக் கரண்டி ஆகாதாம்.
ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைத் தேடியெடுத்துக்
குழப்பினேன் முல்தானி மட்டியை.
முதலில் முழங்கை மடிப்பில் தடவி
பத்து நிமிடம் பார்க்கவேண்டுமாம்.
பார்த்தேன். அரிக்கவில்லை.
மழை விட்ட தரையின் வாசம் வருமென்று நினைத்தேன்;
புளித்த தயிர்தான் வந்தது.

எனக்கென்று வாங்கியது.
என் நெற்றி, என் மூக்கு, என் தாடை போகக்
கிண்ணத்தில் பாதி மீந்தது.
செம்மண்டலத்தில் அன்று ஒன்பதிலிருந்து ஐந்துவரை
மின்சாரம் கிடையாது.
வார ஓய்வில் இருந்த பாவாடைராயன்
பனியனோடு உட்கார்ந்து
செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.
கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"வீணாத்தானே போவும்" என்றார்.

அதற்குப் பிறகுதான்
ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு
பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக
நல்ல வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன்.
மூக்குத்தண்டில் ஒரு கோடு.
கோட்டுக்கு இடப்பக்கம்
கல்யாணப் புகைப்படத்து ஆள்.
வலப்பக்கம்
அவருடைய அண்ணன் மாதிரி வேறு யாரோ.

காலையில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வண்டி.
ஆல்பேட்டை தாண்டியதும் கடல் பக்கத்துச் சூரியன்
வலது ஜன்னலில் ஏறிக்கொள்ளும்.
கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்,
எந்த நிறுத்தத்திலும் இறங்காது.
சாயங்காலம் வண்டி திரும்பும்.
அதற்குள் மேற்கே வந்துவிட்ட சூரியன்
மறுபடியும் வலது ஜன்னலில்.
டிக்கெட் எடுக்காத ஒரே பயணி.

"ரெண்டு பக்கமும் வேணாம்,
இந்தப் பக்கம் மட்டும் போடு" என்றார்,
டயருக்குக் காற்றடிக்கச் சொல்வது மாதிரி.
காதோரம், இமைக்குக் கீழே, மீசையை ஒதுக்கி,
குச்சியை வைத்துவிட்டு விரலால் பூசினேன்.
"பதினஞ்சு நிமிஷம்.
பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது."

எனக்கும் இறுகிக்கொண்டு வந்தது.
உதடு அசையாமல் பல்லுக்குள்ளேயே சொன்னேன்:
"மாசி மகத்துக்கு முந்தின வாரம்
உங்க வண்டியில வந்தேன்.
தேசிங்கு அண்ணன் பாத்துட்டாரு,
சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

இடது புருவம் மட்டும் உயர்ந்தது.
வலது புருவம் வரமுடியவில்லை.

"சும்மாதான்.
ஓட்டும்போது எப்படி இருப்பீங்கன்னு பாக்க.
அரியாங்குப்பம் வர்றதுக்குள்ள
பதினோரு தடவ துண்டால மூஞ்சி துடைச்சீங்க.
குறுக்க வந்த ஆட்டுக்குட்டிக்கு பிரேக் போட்டு
தலைய வெளிய நீட்டி
'போடா கண்ணு'ன்னீங்க.
வீட்டுல யாரையும் அப்பிடிக் கூப்பிட்டதில்ல."

தாங்கமுடியாமல் சிரித்துவிட்டார்.
கண்ணோரத்திலிருந்து தாடைவரை
கல்லடி பட்ட முன்கண்ணாடி போல
விரிசல் ஓடியது.
துண்டொன்று பனியனில் விழுந்தது.

அந்நேரம் பார்த்து டெப்போவிலிருந்து போன்.
மாற்று டிரைவருக்குக் காய்ச்சல்,
பதினொன்றே கால் வண்டிக்கு ஆளில்லை.
மோட்டார் ஓடாது;
வாளியில் இருந்ததோ பாதித் தண்ணீர்.
அவர் குனிய நான் ஊற்றினேன், முழுவதையும்.
கண்ணாடி முன்னால் நின்று
இப்படியும் அப்படியும் திரும்பினார்.
"கொஞ்சம் பளிச்சுனு இல்ல?"
கோடு அங்கேயேதான் இருந்தது.
"இருக்கு இருக்கு, கெளம்புங்க" என்றேன்.
காதுமடலின் பின்னால் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது;
தேசிங்கு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டபடி
கேட்டுவரை போனவர் நின்றார்.
திரும்பாமல் சொன்னார்:
"அது ஆட்டுக்குட்டி இல்ல.
நாய்க்குட்டி."

என் முகத்திலும் எங்கோ ஒன்று
படக்கென்று விட்டது.
கழுவ ஐந்து மணி ஆகும்.