ஐயாயிரம் லிட்டர்

காலை ஆறே காலுக்குச் சைரன் ஒருமுறை,
பம்ப்பு ஒருமுறை, நுரைக்குழாய் ஒருமுறை.
டேங்கின் கண்ணாடிக் குழலில் கோடு குறைந்திருந்தால்
லாரி வரும்வரை
ஒரு விமானமும் எழும்பக்கூடாது.
சட்டம் அப்படி.
ஒன்பது வருடம்
ஐயாயிரம் லிட்டர் நல்ல தண்ணீரை
நெருப்புக்கென்று காவல் காத்தேன்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்
என்மனங்கொண்டான் பெண்கள்
தள்ளுவண்டியில் குடங்களோடு போவார்கள்.
அதில் ஒருத்தி முத்துராக்கு, என் வீட்டுக்காரி.
என்னைப் பார்க்கமாட்டாள்.
வண்டியைப் பார்ப்பாள்.

அன்றைக்குக் கச்சான்
ஓடுபாதைக்குக் குறுக்கே வீசியது.
இரண்டு இன்ஜின் விமானம்,
தொட்டுவிட்டு எழும்புகிற பாடம்.
கீழக்கரைப் பிள்ளை ருஷ்தா இடப்பக்கம்,
கேப்டன் பிஸ்வால் வலப்பக்கம்.
மூன்று முறை சரியாகத்தான் வந்தாள்.
நாலாவதில் ஒரு துள்ளல்.
சக்கரத்தில் இன்னும் பாரம் இறங்கவில்லை,
அதற்குள் சக்கரமே உள்ளே போய்விட்டது.
விமானம் சட்டென்று குட்டையானது.
பிறகு பாதி ஓடுபாதைக்கு
தகரக் கூரையைத் தரையில் இழுத்துப் போகிற சத்தம்.
வயிற்றடியில் பொறி.

விசாரணையில் யாரும் கேட்கவில்லை,
இங்கே சொல்லிவிடுகிறேன்:
மணி அடித்த நொடியில்
எனக்குள் ஒரு சந்தோஷம்.
கிளட்ச்சை மிதித்த காலுக்குத் தெரியும்.

நாற்பத்தெட்டு விநாடியில் போய்ச் சேர்ந்தேன்.
நெருப்பு இல்லை.
ப்ரொப்பல்லர் இலைகள்
வாழைப்பூ மடலாய்ப் பின்னுக்கு வளைந்திருந்தன.
பெட்ரோல் வாடை.
எங்கே ஒழுகுகிறது, தெரியவில்லை.
தெரியாவிட்டால் அடிக்க வேண்டும்,
அதுவும் சட்டம்.
அடித்தேன்.
இரண்டு நிமிடம் பத்து விநாடி.
நுரையைக் கச்சான் பிய்த்துப் பிய்த்து
வேலிக்கு வெளியே உடைமரங்களில் மாட்டியது.
குழாய் அடங்கிய பிறகுதான் கேட்டது
மணல் குடிக்கிற சத்தம்.

வேலியோரம் தள்ளுவண்டிகள் நின்றிருந்தன.
ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

ருஷ்தா தானாகவே இறங்கி வந்தாள்.
கழுத்தில் ஹெட்செட்.
வலது கை மட்டும் மூடியே இருந்தது,
உள்ளே எதையோ பிடித்திருப்பதுபோல.
"ஒரு லிவர் சக்கரம் மாதிரி இருக்கும் அண்ணே,
இன்னொண்ணு றெக்கை மாதிரி.
இருட்டுலயும் கைக்குத் தெரியணும்னு
அப்படி வச்சிருக்காங்க.
எனக்குத் தெரிஞ்சுது.
சக்கரம்னு தெரிஞ்சுது.
இழுத்துட்டேன்."

கேப்டன் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.
ஓடுபாதை விளிம்பில் உட்கார்ந்தார்.
பிறகு வாந்தி எடுத்தார்.
வாய் கொப்பளிக்கக் கேட்டார்.
டேங்கில் ஒரு சொட்டு இல்லை.
வேலிக்கு மேலாக ஒரு கை
சொம்பை நீட்டியது.
யார் கை என்று
வளையலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரவு சோறு வைக்கும்போது கேட்டாள்:
"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலயே?"
"இல்ல."
"ம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"எத்தன கொடம் இருக்கும்?"
குடத்துக்குப் பதினைந்து லிட்டர்.
மனக்கணக்கில் வந்துவிட்டது,
முந்நூற்று முப்பத்துமூன்று,
மீதி ஒரு சொம்பு அல்லது இரண்டு.
"தெரியல" என்றேன்.

விடியுமுன் லாரி வந்தது.
கண்ணாடிக் குழலில் கோடு ஏறுவதைப்
பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஆறே காலுக்குச் சைரன் அடிக்கவில்லை.
விசாரணை முடியும்வரை ஓடுபாதை மூடல்,
பறக்க ஒன்றும் இல்லை.
டேங்க் நிறைந்திருந்தது.