அறுபது ஓம்

ஸ்கேனரைச் செருகியதும் கொட்டுகிறது புகார்.
எஞ்சின் பேசவில்லை என்கிறது பிரேக்.
பிரேக்கிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்கிறது எஞ்சின்.
கியர்பெட்டிக்கு இருவர் மேலும் மனத்தாங்கல்.
ஸ்டியரிங்கோ எல்லோரையும் தொலைத்துவிட்டதாம்.
மொத்தம் பதினேழு.
ஒன்றில்கூட, கோளாறு என்னிடம் என்றில்லை.

இந்தக் காருக்கு உரிமையாளர் இருவர்.
பகலில் ஜும்பர், இரவில் வாலிகோ.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
சாவி மட்டும்தான் கைமாறும்,
அதுவும் பெட்ரோல் பங்க் காசாளர் பெண் வழியாக.
காலையில் ஜும்பர் போன் செய்தான்:
"வண்டி தங்கம். அவன் கைக்குப் போனால்தான் நிற்கிறது."
பத்து நிமிடத்தில் வாலிகோ:
"பகலெல்லாம் அதை என்ன பாடுபடுத்துகிறான்,
கேட்டுச் சொல்லுங்கள் ம்ஸெவினார்."
கேட்கவில்லை.
பேட்டரி முனையைக் கழற்றி வைத்தேன்.

ருஸ்தாவியில் ஜனவரி.
ஷட்டரின் கீழ் விரலளவு சந்து,
அதில் புகுந்து வருகிற காற்றுக்கு
இரும்பாலைப் புகையின் வாசம்.
கையுறையோடு கம்பி பிடிக்க முடியாது,
கையுறை இல்லாமல் விரலே இல்லை.

முறுக்கிய இரண்டு கம்பிகள்.
ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.
நடுவில் விரிகிறதே இடைவெளி, அதுதான் சொல்.
இரு கோடியிலும் நூற்றிருபது ஓம் காவல் நிற்க,
சேர்த்து அளந்தால் பாதி காட்ட வேண்டும்.
காட்டியது.
அறுபது.
கச்சிதமான, ஒன்றுக்கும் உதவாத அறுபது.

பேட்டரியை மாட்டி அலைக்காட்டியை இணைத்தேன்.
பெட்டி பெட்டியாகப் பிடுங்கினேன், செருகினேன்.
வண்டி, விருந்தாளி வந்த வீட்டுக் குழந்தை போல
அத்தனை ஒழுங்காக இருந்தது.
திரையில் இரண்டு கோடுகளும் பல்வரிசையாய்ச் சிரித்தன.
மதியம் இரண்டரை ஆயிற்று.
பயறு அடைத்த ரொட்டி ஆறிப்போயிருந்தது,
நின்று தின்ன இடுப்பு விடவில்லை.
முன்கதவைத் திறந்து
ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் விழுந்தேன்,
எண்பத்து நான்கு கிலோ.

விளக்கெல்லாம் எரிந்தன.
மேல்கோடு தரையில் படுத்துவிட்டது.

எழுந்தேன், பேச்சு வந்தது.
உட்கார்ந்தேன், ஊமை.
வாயில் ரொட்டியோடு
நாலைந்து முறை எழுந்து உட்கார்ந்தேன்,
எதிர்க்கடை டயர்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஜும்பர் ஏற்றுவது மருந்துப் பெட்டிகள், பின்சீட்டில்.
வாலிகோவுக்கு விருந்து முடிந்து திரும்புகிறவர்கள்;
அவர்களுக்கு முன்சீட்டுதான் வேண்டும்,
இல்லாவிட்டால் யாரிடம் கதை சொல்வது?

இருக்கையைக் கழற்றினேன்.
கம்பளத்தின் அடியில் மெல்லிய சேறு, காய்ந்து, வெடித்து,
இந்த நாட்டு மண் நிறமே இல்லை.
கடல் தாண்டி ஏதோ ஒரு ஊரில்
கதவு வரை தண்ணீரில் நின்றிருக்கிறது இந்தக் கார்.
ஏலச்சீட்டில் எழுதியிருப்பது: பம்பரில் கீறல்.
சேறு இறுகிய தண்டவாளத்தில்
ஆள் அமுக்கும்போதெல்லாம் உரசி
தோல் போயிருந்தது ஒரு கம்பிக்கு,
நெல்மணி அளவு செம்பு.

அது போய்ச் சேரும் இடம்
இருக்கையைச் சூடாக்கும் சின்னப் பெட்டி.
பதினேழு புகாரில் அதன் பெயர் எங்கும் இல்லை.
அது பேசினதா என்று கவனிக்க
இந்த வண்டியில் யாருக்கும் வேலை இல்லை.

உறை போட்டு, சூடு காட்டி, தள்ளிக் கட்டினேன்.
ரசீதில் 'காரணம்' என்ற கட்டத்தில்
நெடுநேரம் பேனா நின்றது. பிறகு எழுதினேன்:
முன்சீட்டில் ஆள்.

ஆறு மணிக்கு இருவரும் வந்தார்கள்,
யார் பணம் தருவது என்று பார்க்கத்தான்.
வாலிகோ சாவியை வாங்கி ஸ்டியரிங் முன் உட்கார்ந்தான்.
ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்,
பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்தான் தெரியும் என்றேன்.

ஜும்பர் பின்கதவைத் திறந்தான்.