இன்னும் ஒன்று வெளியே

கனாட்டா, மார்ச் ரோடு. இரவு பதினொன்றே கால்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
லேபில் விசிறிகளின் இரைச்சலுக்குள்
டிரைவரை ஏற்றுகிறேன், இறக்குகிறேன்.
நாற்பத்திரண்டு தடவை ஒழுங்காகப் போனது.
இந்தத் தடவை திரை முழுக்க
ஆறு-பி ஆறு-பி ஆறு-பி.
விடுவித்த நினைவகத்தின்மேல்
கர்னல் பூசிவைக்கிற சாயம் அது,
யாராவது தொட்டால் கையில் ஒட்டட்டும் என்று.
யாரோ தொட்டிருக்கிறார்கள்.

எழுதியவள் ஸொலாஞ் லக்ருவா.
செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு
அவளையும் இன்னும் பத்துப் பேரையும்
சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள்.
பத்தே காலுக்கு அவள் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.
மதியத்துக்குள் கோப்பு என் பெயருக்கு வந்துவிட்டது.

வெளியேறும் பகுதி பதினேழே வரி.
சுத்தமாகத்தான் எழுதியிருக்கிறாள்:
வரிசைகளை நிறுத்து. குறுக்கீட்டை அணை.
குளத்தைக் கலை. போ.

குளம் என்பது பஃபர்களின் குளம்.
கம்பியில் வரும் பாக்கெட்டுகளுக்கு
டிரைவர் ஆளுக்கொரு பக்கம் கைமாற்றாகக் கொடுக்கும்.
வட்டி இல்லை, சீட்டு இல்லை,
வேலை முடிந்ததும் கொண்டுவந்து போட்டால் போதும்.
ஆயிரத்து இருபத்து மூன்று பக்கம் திரும்பிவிட்டது.
ஒன்று மட்டும்
ஏதோ ஒரு நிரல் திறந்துவைத்துப் படிக்க மறந்த
சாக்கெட்டின் வரிசையில் கிடக்கிறது.
நிரலுக்கு என்ன அவசரம்.

டிரைவர் போய்விட்டது.
அதற்கப்புறம் கண் விழித்த நிரல்
படித்து முடித்து
நாணயமாகப் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறது.
குற்றம் அதன்மேல் இல்லை.
அதன் கையிலிருக்கும் சுட்டி
‘அந்த’ என்கிறது. அந்தக் குளம்.
சுட்டெழுத்து இருக்கிறது,
சுட்டப்பட்டது இல்லை.
அவ்விடத்தில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.
அவர்கள் சட்டைப் பைக்குள் கைவிட்டு
ஓர் எண்ணைக் குறைத்துவிட்டு வருகிறது.

திருத்தம் சின்னது, யோசிக்கத்தான் இரண்டு நாள்.
போகுமுன்
வெளியே இருக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் தேடிப் பிடித்து
அட்டையோடு போட்ட முடிச்சை மட்டும் அவிழ்.
பக்கம் அவர்களிடமே இருக்கட்டும், பறிக்காதே.
டிரைவர் போகட்டும்.
குளம் கொஞ்சம் பின்தங்கி நிற்கட்டும்,
கடைசிப் பக்கம் வந்து சேரும்வரை.

ஓட்டிப் பார்க்கிறேன். பதிவில் வருகிறது:
இன்னும் ஒன்று வெளியே. அறுபது நொடி.
இன்னும் ஒன்று வெளியே. நூற்றிருபது நொடி.

நான்கு மணிக்கு ஒரு பார்சல் வந்தது.
மேல்விலாசம் ஸொலாஞ், கம்பெனி முகவரி.
முன்மேசையில் டெஸ்தா அட்டவணையைப் பார்த்தார்:
அப்படி யாரும் இல்லையே,
நேற்றும் இருந்ததாகக் காட்டவில்லையே.
மூன்று வருடம் எனக்கு அடுத்த மேசை என்றேன்.
கையெழுத்து நான் போட்டேன்.
பனிக்காலணி, ஏழாம் அளவு.
எனக்கு எட்டு.

இன்னும் ஒன்று வெளியே. நானூற்று எண்பது.
இன்னும் ஒன்று. ஐந்நூற்று நாற்பது.
அப்புறம் எதுவும் வரவில்லை.
ஆறு-பி இல்லை. கூச்சல் இல்லை.
ஒரு நிரல் எங்கோ படித்து முடித்திருக்கிறது,
குளம் தானாகவே கலைந்திருக்கிறது.

திருத்தத்தை அனுப்பும்போது
யார் எழுதியதைத் திருத்துகிறோம் என்று
ஒரு வரி சேர்ப்பது வழக்கம்.
கருவி அவள் முகவரியைத் தானே எடுத்துக்கொண்டது.
நான் தடுக்கவில்லை.
மூன்றே நொடியில் திரும்பி வந்தது:
பெறுநர் இல்லை.

அவள் போன் எண் டெஸ்தாவிடமும் இல்லை.
ஹல் பக்கம் வீடு என்று ஒருமுறை சொன்ன ஞாபகம்,
ஆற்றுக்கு அந்தக் கரை.
நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கப் பார்க்கிறேன்.
மேசைக்கடியில் பெட்டி.
உட்கார்ந்தாலும் எழுந்தாலும்
கால் அதில்தான் இடிக்கிறது.