பிளெஸ்ஸிட்

கிரிம்ஸ்பியில் எங்கள் வீட்டுக்கும் ஆட்லிங் வீட்டுக்கும்
நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.
அங்கே கரண்டி விழுந்தால் இங்கே திரும்பிப் பார்ப்போம்.
ஏழு குளிர்காலம்
அந்தச் சுவர் வழியாக ஒரு சொல்லைப் படித்தேன்.

"எங்கே போச்சு அந்த பிளெஸ்ஸிட் சாவி?"
"இந்த பிளெஸ்ஸிட் கேட் சாத்தவே மாட்டேங்குது, நோரீன்!"
மழை பிளெஸ்ஸிட். கூரைமேல் கடற்புறா பிளெஸ்ஸிட்.
வராத பஸ்ஸைச் சொல்லவே வேண்டாம்.

அகராதி, ஆசீர்வதிக்கப்பட்ட என்றது.
நம்பவில்லை.
மீன் லாரிக்கு பிரேக் மாட்டும் ஹெட்லி ஆட்லிங்
துருப்பிடித்த கேட்டுக்கா ஆசி வழங்குகிறார்?
நாம் பாழாய்ப்போன என்று பல்லைக் கடிக்கும் இடத்தில்
இவர் பாக்கியம் பெற்ற என்கிறார்,
அதே பற்களைக் கடித்துக்கொண்டு.

அசை பிரித்துப் பார்த்தேன்.
நிரை, நேர். புளிமா.
புளிப்பு சரியாக இருந்தது.

பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்தான்.
ஆனால் சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லாது,
பித்தளையா, புதிதா, எந்தப் பூட்டுக்கு.
குனிந்து தேடுகிறவரின்
முழங்காலைப் பற்றிச் சொல்லும்.

சுடுகாட்டை நன்காடு என்றால் மங்கலம்.
கால் கழுவி வந்தேன் என்றால் இடக்கரடக்கல்.
பள்ளிக்கூடத்தில் இரண்டையும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
இது எதில் சேரும்?

வேலிக்கு மேலாக நோரீனிடம் கேட்டேன்.
துணி க்ளிப் ஒன்று வாயில், பேச்சு ஓரமாக வந்தது:
"அவங்கம்மா மெதடிஸ்ட்.
ரத்தத்துல தொடங்குற அந்தச் சொல்லைச் சொன்னா
நாக்குல சோப்பு.
கோபம் வந்தா எதையாவது சொல்லணுமே.
சோப்பு தொடாத சொல்லா எடுத்துக்கிட்டார்."

பிப்ரவரியில் ஹெட்லி போனார்.
சேப்பலில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.
லீட்ஸிலிருந்து வந்த இளம் போதகர்
கண்ணை மூடி, சொல்லை இழுத்து,
பிளெஸ்… ஸிட்…
என்று இறந்தவர்களைப் பற்றி ஏதோ சொன்னார்.
முன்வரிசையில் நோரீனின் தோள் குலுங்கியது.
பக்கத்திலிருந்த பெண் முதுகைத் தடவினாள்.

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் தெரிந்தது,
அது அழுகையில்லை.
பாழாய்ப்போன செத்தவர்கள்!
அவளுக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது.
எனக்கும்.
கையுறையைக் கடித்துக்கொண்டேன்.
போதகர் இன்னும் இரண்டு முறை சொன்னார்,
பாவம், தெரியாமல்.

அன்றிரவு சுவருக்கு அந்தப் பக்கம்
இழுப்பறைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின.
பாய்லர் புத்தகமோ, இன்ஷூரன்ஸ் காகிதமோ,
அவருக்கு மட்டும் இடம் தெரிந்த ஏதோ ஒன்று.
பிறகு அவள் குரல்:
"எங்கே வெச்சுத் தொலைச்சே,
பிளெஸ்ஸிட் மனுஷா?"

டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.
இழுப்பறை எதுவும் திறக்கவில்லை,
கொஞ்ச நேரம்.