பூஜ்யம் விநாடி

பாயான் லெப்பாஸில் ஏழாவது மாடி.
திரையில் தீவும் எதிர்க்கரையும்.
யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது மட்டும்:
பெயரில்லை, பேச்சில்லை,
எண்களைக்கூட அரைத்து மாவாக்கித்தான் தருவார்கள்.
புள்ளிக்குப் புள்ளி ஒரு கோடு,
வாரத்துக்கு வாரம் ஒரு படம்.

ஐம்பத்திரண்டையும் அடுத்தடுத்து ஓட்டினால்
தீவு மூச்சுவிடுவது தெரியும்.
தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பக்கம் வீங்கும்.
நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்ளும்.

கோடு முளைப்பது சட்டென்று.
அறுவதுதான் மெல்ல.
தினமும் என்றிருந்தது வெள்ளிக்கு வெள்ளியாகி,
பெருநாளுக்குப் பெருநாளாகி,
பிறகு எந்தப் படத்திலும் இருக்காது.

இரண்டு வருடம் முன்பு நான் எழுதிய ஒரு வரி:
நீளம் பூஜ்யமென்றால் நீக்கு.
பேசாத அழைப்பு குப்பைதானே.
ஹஃபிஸாதான் ஒரு மாலை, தே ஓ ஆறிக்கொண்டிருக்க,
"அந்த வரியை எடுத்துத்தான் பாரேன்" என்றாள்.

எடுத்தேன்.

அதிகாலை ஐந்து நாற்பதுக்கு
நிபோங் திபாலிலிருந்து பாலம் வரைக்கும்
வெடித்தன நட்சத்திரங்கள்.
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே ஓர் எண்,
சுற்றிலும் முப்பது, நாற்பது.
ஒருவரும் எடுக்கவில்லை.
எடுத்தால் காசு.
எடுக்காமல் படியிறங்கி வருவதே பதில்.

ஃபேக்டரி பஸ்.
நானும் ஏறியிருக்கிறேன், எஸ்பிஎம் முடித்த மூன்று மாதம்,
ஈரத்தலையோடு, ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு.
அதையா குப்பை என்றேன்.

ஒரு நட்சத்திரத்தை மட்டும் பின்தொடர்ந்தேன்.
பதினோராம் வாரம் நாற்பத்து மூன்று.
பதினெட்டில் இருபத்தொன்பது.
எந்த ஃபேக்டரி, எந்த லைனை மூடினார்கள்
தரவுக்குத் தெரியாது,
விசாரிக்க எனக்கு அனுமதியில்லை.
இருபத்தாறில் ஒன்று.

ஒரே ஒரு கோடு.
ஐந்து நாற்பது. பூஜ்யம் விநாடி.
பஸ் ஓடாத ஞாயிற்றிலும்.

"இது நட்சத்திரமே இல்லையே, வெட்டிவிடலாம்" என்றார் கூ.
மூன்றுக்குக் குறைந்தால் கணக்கில் வராது;
அந்த விதியும் நான் எழுதியதுதான்.

முப்பத்தொன்றாம் வாரம், வியாழன்,
ஐந்து நாற்பத்தொன்று.
அம்பு திரும்பியிருந்தது.
அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு,
பூஜ்யம் விநாடி.

படத்தைச் சேமித்தேன்.
கூவிடம் சொன்னேன்:
இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்.