லான்ஸ் நாயக் கஜபதி சாலை

முன்பு அது பன்றிக்கறிக்கடை கிராஸ்.
ஆட்டோக்காரர்களுக்கு இன்னமும் அதுதான்.
மர்பி டவுனில் இறங்கி
கஜபதி என்று சொல்லிப் பாருங்கள்,
எந்த கஜபதி, டெய்லரா என்பார்கள்.

பலகை திறந்த அன்று
கார்ப்பரேட்டர் இழுத்த சாட்டின் துணி
கம்பத்தின் ஆணியில் மாட்டிக்கொண்டது.
பாண்டுக்காரர்கள் வாசித்ததையே
மறுபடி வாசித்தார்கள்.
மறுபடியும்.
கடைசியில் கறிக்கடைப் பையன் அமல்
ஏணி வைத்து ஏறி
பல்லால் கடித்து விடுவித்தான்.
மேலே கன்னடம், கீழே ஆங்கிலம்.
ஆங்கிலத்தில் ஒரு ஹெச் குறைந்தது.
மைக்கில் பேசியவர்
என்னையும் எழுந்து நிற்கச் சொன்னார்.
நின்றேன்.
கைதட்டினார்கள், நின்றதற்கு.

அந்த ஹெச்சைத் தேடி அம்சவேணி
பாலிகே ஆபீசுக்கு ஏழு முறை நடந்தாள்.
பென்ஷன் புத்தகத்தில் புருஷன் பெயர் ஒரு விதம்,
வீட்டு விலாசத்தில் அதே பெயர் வேறு விதம்.
கவுன்ட்டரில் இருந்தவன்
இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துக் கேட்டானாம்:
"இந்த ரோடு உங்களுக்கு என்ன வேணும்மா?"

பேப்பரில் அவன் அடிக்கடி வருகிறான்.
கஜபதி சாலையில் சாக்கடை அடைப்பு.
கஜபதி சாலை எட்டு நாள் மூடல்.
போன ஆவணி மழையில் ஒரு ராத்திரி
முழங்கால் அளவு தண்ணீர் கஜபதி சாலையில்.
(எந்த முழங்கால் என்று என்னிடம் கேட்காதீர்கள்.)

சப்பர்கள் நாங்கள்.
சாலை போடுவது தொழில்.
போடுவதற்கு முன்னால், தேடுவது.
மண்டியிட்டு, ஊசியைச் சாய்த்துப் பிடித்து
மண்ணைக் குத்திக் குத்தி
ஒரு நாளைக்கு ஒரு திண்ணம் நாற்பது அடி.
சுத்தமான வழிக்கு இரு பக்கமும் வெள்ளை நாடா.
நாடாவுக்குள் உலகம்,
வெளியே ஒன்றும் கிடையாது
என்று ஹவில்தார் நாராயணப்பா
ஊளைக் காற்றிலும் கேட்கும்படி சொல்வார்.

அன்று காலை பனி இறுகி
நாடா நகர்ந்திருந்தது. ஒரு சாண்.
அந்த ஒரு சாணில் என் இடது கால்.
"வராதடா" என்று கத்தினேன்.
கத்தினேனா என்பது
பதினாறு வருஷமாகச் சரியாகத் தெரியவில்லை.
கஜபதி நாடாவைத் தாண்டினான்.
முதல் எட்டு. இரண்டாவது.
என் பெல்ட்டை அவன் விரல் தொட்டதா,
அதுவும் தெரியவில்லை.

மேடையில் இதை
வீரமரணம் என்ற ஒரு சொல்லில் முடித்தார்கள்.
சொல் சரிதான்.
நீளம் போதவில்லை.

போனவனுக்குச் சாலை.
திரும்பியவனுக்கு ஒவ்வொரு நவம்பரும் ஒரு படிவம்:
உயிரோடு இருக்கிறேன் என்று
விரல் வைத்து, கண்ணைக் காட்டி.
இதில் பொறாமை இல்லை.
வழியை விட்டு இறங்கியதால் செத்தவன் பெயரை
ஒரு வழிக்கு வைத்திருக்கிறார்களே
என்றுதான் சில ராத்திரி சிரிப்பு வருகிறது.
பக்கத்துப் படுக்கையில் மனைவி எழுந்து
தண்ணீர் கொடுக்கிறாள்.

போன செவ்வாய் புதுத் தார் போட்டார்கள்.
புதன் மாலை கலபுரகிப் பக்கத்து ஆட்கள்
நூல் இழுத்து
சாலை ஓரத்தில் வெள்ளைக் கோடு அடித்தார்கள்.
பால் வாங்க வந்தவன்
கோட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டேன்.
எதிரில் என் வீட்டுக் கதவு.
பால் பை கையில் வியர்த்தது.
வாளி வைத்திருந்த பெண்
"ஹசி இதெ, சார்" என்றாள்.
ஈரம்தான். தெரியும்.
விளக்கு எரிய ஆரம்பித்தது,
பலகையில் ஒரு காக்கா உட்கார்ந்து எழுந்தது.

தாண்டினேன்.

கதவருகே போன பிறகுதான்
அமல் கூப்பிட்டான்,
"அண்ணே, பின்னாடி பாருங்க."

கோட்டிலிருந்து என் வாசல் வரை
சிமென்டுத் தரையில்
வெள்ளை வெள்ளையாய்
இடது காலின் தடம்.
வலது எங்கேயும் இல்லை.