அடுத்தவர்

ஐந்து ஐம்பதுக்கு வெளியே வருகிறேன்.
நாற்காலியில் புதிதாக ஒருவர்,
மடியில் ஹெல்மெட், அதன்மேல் படிவம்.
"வரக் காரணம்" என்ற கட்டத்தில்
"தூக்கம்" என்று எழுதி, அடித்து,
பக்கத்திலேயே மறுபடி "தூக்கம்" என்று எழுதியிருக்கிறார்.

நான் "கழுத்து வலி" என்று எழுதினேன்.

ரொசாரியோ துறைமுகத்து எடைமேடையில் வேலை எனக்கு.
சோயா லாரி ஏறும், எடை பார்ப்பேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும், மறுபடி பார்ப்பேன்.
கழித்தால் சரக்கு.
இங்கேயும் அப்படித்தான் என்று வந்தேன்:
உள்ளே போக ஓர் எடை, வெளியே வர ஓர் எடை,
கையில் ஒரு சீட்டு.

சீட்டெல்லாம் கிடையாது, சார்.

படுக்கச் சொல்வார்களோ என்று பயந்தால், வேண்டாம்.
சோபா இருக்கிறது,
அதில் பழைய பத்திரிகைகள்தான் படுத்திருக்கின்றன.
முதலில் காசுப் பேச்சு.
எவ்வளவு முடியும் என்பார் மிர்த்தா பெர்த்தோலி.
கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள்;
நான் சொல்லிவிட்டு மூன்று மாதம் திணறினேன்.
இங்கே பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்பார்.
உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் தாண்டும் என்பதையும்
குரலைத் தாழ்த்தாமல் சொல்வார்.
அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டுத்தான்
முதல் வாக்கியத்தை நான் நம்பினேன்.

அப்புறம் மௌனம்.
கீழே பேருந்து நிற்கும், மூச்சு விடும், கிளம்பும்.
நிரப்பாமல் இருக்க முடியாது உங்களால்.
நான் புதிதாக வாங்கிய அடுப்பைக் கொண்டு நிரப்பினேன்:
அதன் விலை, நான்கு பர்னர்,
சரியாக மூடாத கதவு,
கடைக்காரனோடு போட்ட சண்டை.
நாற்பது நிமிடம்.
நாற்பத்தொன்றில் கேட்டார்,
"யாருக்குச் சமைக்கிறீர்கள்?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.
"அடுத்த வியாழன்?" என்றார்.
பதில் சொல்லாமல் வந்தேன்.
அடுத்த வியாழன் வந்தேன்.

யோசனை கேட்டால் கிடைக்காது.
மகனுக்குப் போன் செய்யட்டுமா என்று
ஏழு வாரம் கேட்டேன்.
ஏழு வாரமும், "செய்தால்?"
சில நாள் அந்தம்மாவை அடிக்கலாம்போல் இருக்கும்.
அதையும் சொல்லலாம். சொன்னேன்.
குறிப்புப் புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை.
முதல் மாதம் தூக்கம் இன்னும் கெடும்;
யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

குணமா? தெரியவில்லை.
செவ்வாய்க்கிழமை, வரிசையில் எண்பது லாரி,
ஜன்னலைத் திறந்து முதல் டிரைவரிடம்
"எனக்கு முடியவில்லை, ஐந்து நிமிடம் பொறு" என்றேன்.
இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.
அவன் இன்ஜினை அணைத்தான்.
மாத்தே கொதிகலத்தை எடுத்து நீட்டினான்.
வானம் இடிந்து விழவில்லை.

இதில் ஒன்றையும் அவரிடம் சொல்லவில்லை.
இந்த வராந்தாவில்
ஒருவரையொருவர் பார்க்காதிருப்பதுதான் மரியாதை.

பேனா எழுத மறுக்கிறது, உதறுகிறார்.
தொடையில் கீறிப் பார்க்கிறார்.
என்னுடையதை நீட்டுகிறேன்.
"எப்படித் திருப்பித் தர..." என்று இழுக்கிறார்.
"அடுத்த வியாழன்" என்கிறேன்.

பாதிப் படியில் நினைவு வருகிறது:
அது ஆபீஸ் பேனா.